தெருவுக்கு நெருப்பு கொடுக்கும் வீடு

மருதங்குறிச்சி,
பரிதாபி வருஷம், ஆனி 9

அக்கா கோமதியம்மாள் அவர்களுக்கு, தம்பி சங்கரசுப்பிரமணியன் எழுதிக்கொள்வது.

இங்கு யாவரும் சுகம். துறைமுகத்தில் பஞ்சு மூட்டை சரிந்து அத்தானுக்குக் கால் முறிந்தது என்று கேள்விப்பட்டு மிகவும் விசனப்பட்டோம். கட்டு எப்போது பிரிக்கிறார்கள் என்று எழுதவும்.

தங்கை சண்முகசுந்தரியின் கல்யாணத்துக்குப் பிறகு நமக்குள் கடிதப் போக்குவரத்து இல்லை. அது யாரால் என்பதை இப்போது பேச வேண்டாம். ஒரு விஷயம் வேறு வாய் வழியாக உங்களிடம் வருமுன் நானே எழுதிவிடுவது முறை என்று எழுதுகிறேன்.

ராதாபுரத்தில் புகுந்த வீட்டில் அவள் குழந்தை வாந்திபேதியில் போன பிறகு சுந்தரி இங்கேதான் இருக்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். போன வெள்ளிக்கிழமை காலையில் துறைக்குப் போனவள் கால் தவறி ஆற்றில் விழுந்துவிட்டாள். இப்போது தண்ணீர் இழுப்பு அதிகம். தெய்வாதீனமாகத் தோணிக்காரர் முத்துமாலை பார்த்துக் கரை சேர்த்துவிட்டார். உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஓய்வுக்காக நெல் அடுக்குகிற அரங்கு அறையில் படுக்க வைத்திருக்கிறோம். என் மனைவி அன்னத்தாய் பார்த்துக்கொள்கிறாள்.

கிராம முன்சீப் வீட்டுச் சங்கதி என்றால் ஊரில் நாலு விதமாகப் பேசுவார்கள். தூத்துக்குடியில் நம் பக்கத்து ஆட்கள் யாரும் விசாரித்தால் கால் தவறியது என்றே சொல்லவும். நீங்கள் புறப்பட்டு வரவேண்டிய அவசியம் இல்லை.

இப்படிக்கு,
சங்கரசுப்பிரமணியன்


தூத்துக்குடி,
ஆனி 13

தம்பி சங்கரனுக்கு,

உன் கடிதம் வந்தது. தாசில்தாருக்கு எழுதவேண்டியதைத் தவறிப்போய் எனக்கு அனுப்பிவிட்டாயோ என்று முகவரியைத் திருப்பிப் பார்த்தேன்.

ஏலே, சுந்தரி கால் தவறி விழுந்தாள் என்று யாரிடம் சொல்லுகிறாய்? ஆடித் தண்ணீரில் அக்கரைக்கு நீந்திப் போய், நாவல்பழம் மடியில் கட்டிக்கொண்டு திரும்பி வந்தவள் அவள். நீ கரையில் நின்று அழுதாய். எனக்கு நினைவிருக்கிறது.

அத்தானை எடுத்து உட்கார வைக்கக்கூட இங்கே என்னைத் தவிர ஆள் இல்லை. இல்லையென்றால் இந்தக் கடிதத்துக்குப் பதிலாக நானே வந்து உன் கதவைத் தட்டியிருப்பேன். உன் வாசலை மிதிக்க மாட்டேன் என்று கல்யாணப் பந்தலில் சொன்னவள்தான். ஆறு ஓடுகிற ஊரில் பிறந்த பெண்ணை ஒரு குடம் தண்ணீருக்கு ஊருணி ஊருணியாக அலைகிற சீமையில் கொடுக்காதே என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். நீ கேட்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அது உன் மேல். அவள் மேல் இல்லை.

உள்ளதை எழுது. அவளாகப் போனாளா? அவளிடம் யாராவது கேட்டீர்களா?

கோமு


மருதங்குறிச்சி,
ஆனி 17

அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிட்டேன். இதையும் நீங்கள் அப்படியே செய்துவிடவும்.

ஆம், அவளாகத்தான் போனாள். ராதாபுரத்திலிருந்து மாமியார் ஆள் விட்டு அவள் பாத்திரங்களைத் திருப்பி அனுப்பியிருந்தாள். பிள்ளையை வாரிக் கொடுத்தவள் இனி அந்தப் படி ஏறவேண்டாம் என்றும் சொல்லி விட்டிருந்தாள். மாப்பிள்ளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் காலையில் இது நடந்தது.

நீங்கள் கோபப்படுவதற்கு முன் என் நிலைமையையும் கொஞ்சம் யோசிக்கவேண்டும். உயிரை விடப் போன ஆள் பிழைத்துக்கொண்டால் சட்டத்தின்படி குற்றவாளி. ஒரு வருஷம் வரை காவல் போடலாம். அதைப் போலீசுக்கு ரிப்போர்ட் எழுதவேண்டியவன் கிராம முன்சீப். போன வருஷம் கொல்லர் தெருப் பெண் ஒருத்தி இப்படிச் செய்து பிழைத்தபோது நான்தான் எழுதினேன். கான்ஸ்டபிள் வந்து தெருவழியே நடத்திக் கூட்டிப்போனார். ஊரே நின்று பார்த்தது. அவள் பிறகு ஊருக்குத் திரும்பவில்லை. அந்தத் தெருவில் நம் சுந்தரி நடப்பதை நான் பார்க்கவேண்டுமா? எழுதாமல் விட்டது வெளியே தெரிந்தால் என் உத்தியோகம் போகும். அப்பா காலத்திலிருந்து நம் வீட்டில் இருக்கிற உத்தியோகம்.

ஆகவே கால் தவறியது என்றே சொல்லும்படி முத்துமாலையிடம் சொல்லியிருக்கிறேன். அரங்கைப் பூட்டிச் சாவியை நான் வைத்திருக்கிறேன். ஆபத்தான சாமான் ஒன்றும் உள்ளே இல்லை. தெருக்கதவு சாத்தியே இருக்கிறது. விடியற்காலம் நம் அடுப்பில் நெருப்பு எடுக்க வருகிற பெண்களைக்கூட வாசலோடு திருப்பிவிடச் சொல்லியிருக்கிறேன். உள்ளே வந்தால் கண் அரங்குப் பக்கம் போகும்.

பூசாரி வந்து, ஆற்றங்கரையில் ஏதோ பிடித்திருக்கிறது, வேப்பிலை அடிக்கவேண்டும் என்றார். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். நம் சொந்தத்தில் மூத்தவர் என்று காசிலிங்கம் அண்ணாச்சி மட்டும் அரங்கு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, குடும்ப மானத்தைப் பற்றி வெகுநேரம் புத்தி சொல்லிவிட்டுப் போனார். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சாப்பாடு வைத்தபடி இருக்கிறது.

கேட்டீர்களா என்று எழுதியிருந்தீர்கள். இதை எப்படிக் கேட்பது? கேட்டால் மறந்திருப்பதை நினைப்பூட்டியது போல ஆகாதா? தூத்துக்குடியில் உட்கார்ந்துகொண்டு திட்டுவது எளிது.

சங்கரசுப்பிரமணியன்


தூத்துக்குடி,
ஆனி 21

சங்கரா,

கச்சேரிக்கு அனுப்பாமலே நீ அவளை ஜெயிலில் போட்டுவிட்டாய். கொல்லர் வீட்டுப் பெண்ணுக்கு ரிப்போர்ட், உன் தங்கைக்குப் பூட்டு. நல்ல முன்சீப்.

அந்த அரங்கில் நெல் மூட்டைக்கே மூச்சு முட்டும். அங்கே ஒரு வேலையும் இல்லாமல், ஒரு முகமும் பார்க்காமல் நாள் முழுக்க அவள் எதை நினைத்துக்கொண்டு கிடப்பாள் என்று நினைக்கிறாய்? மறந்திருக்கிறாளாம். பெற்ற பிள்ளையை யாரப்பா மறப்பது?

எங்கள் பக்கத்துத் தெருவில் தொம்மை என்று ஒரு தோணிக்காரர் இருக்கிறார். மகனைக் கடலில் பறிகொடுத்த பிறகு அவருக்கும் இதே எண்ணம் வந்தது. அவர் பெண்சாதி பவுலின் என்னிடம் எல்லாம் சொல்லியிருக்கிறாள். கோயிலில் அது பெரிய பாவம் என்று ஒருநாள் பிரசங்கம் நடந்தது. அதைக் கேட்டுவிட்டு அவர் இன்னும் சுருண்டுகொண்டார். அதற்குப் பிறகு கடல்புறத்து ஆட்கள் ஒருத்தர் வாயிலும் புத்திமதி வரவில்லை. தோணிப் பாய் கிழிந்திருக்கிறது, தைக்க ஆள் இல்லை என்று அவர் வீட்டுக்கே கொண்டுவந்து போட்டுவிட்டு, கூடவே உட்கார்ந்து தைத்தார்கள். ஆள் மாற்றி ஆள் இருந்துகொண்டே இருந்தது. பவுலின் தினமும் காலையில் நேராகவே கேட்பாளாம், அந்த நெனைப்பு இன்னைக்கு வருதா என்று. வருது என்று அவர் சொன்னால் அன்றைக்கு ஒரு ஆள் கூடுதலாக இருக்கும். இவ்வளவுதான் வைத்தியம். மனுஷர் இன்றைக்கும் இருக்கிறார். நேற்றுக்கூட எங்களுக்கு மீன் வேண்டுமா என்று கேட்டார். சைவ வீட்டில் கேட்கிற கேள்வியைப் பார்.

ஆகவே கதவைத் திற. உனக்குக் கேட்க நா எழாது என்று எனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தை அன்னத்தாய்க்கு வாசித்துக் காட்டு. அவள் கேட்கட்டும். தெருவுக்கு நெருப்பு கொடு. அதற்கு மனசில்லை என்றால் சொல்லு, இங்கே கப்பலில் வருகிற தீப்பெட்டி ஒரு கட்டு வாங்கி அனுப்புகிறேன். வீட்டுக்கு ஒன்று கொடுத்துவிட்டு நீ கதவை ஒரேயடியாகச் சாத்திக்கொள்ளலாம்.

கோமு


மருதங்குறிச்சி,
ஆனி 28

அக்கா,

நிறைய நடந்துவிட்டது. வரிசையாக எழுதுகிறேன்.

உன் கடிதத்தை அன்னத்தாய்க்கு வாசித்துக் காட்டினேன். பாதியிலேயே அவள் எழுந்து வந்து, என் இடுப்பிலிருந்த சாவியை உருவிக்கொண்டு போய் அரங்கைத் திறந்தாள். பத்து வருஷத்தில் அவள் என் கையிலிருந்து ஒரு சாமானைப் பிடுங்கியது அதுதான் முதல் தடவை. நான் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டேன். உள்ளே பேசியது காதில் விழுந்தது.

"ஏ சுந்தரி, ஒளிக்காமச் சொல்லு. மறுபடியும் போகணும்னு நெனைக்கியா?"

பிறகு சுந்தரியின் குரல் வந்தது. ஆற்றிலிருந்து வந்த பிறகு அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை.

"நெனைக்கேன் மதினி. எப்பமும் இல்ல. விடியக் காலம்தான் தாங்க முடியல. பிள்ள எந்திரிக்கிற நேரம் அது. எந்திரிச்சதும் பாலுக்கு அழுவா."

அன்னத்தாய் புத்தி ஒன்றும் சொல்லவில்லை. சரி, இனிமேல் அந்த நேரத்துக்கு என்னோடு அடுப்படிக்கு வந்துவிடு என்று மட்டும் சொன்னாள். அதன்பின் இரண்டு பேரும் அழுதார்கள். நான் தொழுவத்துப் பக்கம் போய்விட்டேன்.

மறுநாளிலிருந்து தெருக்கதவு திறந்திருக்கிறது. விடியும்போது பெண்கள் சிரட்டையும் எருவாட்டியுமாக வருகிறார்கள். அடுப்பைக் கிளறிக் கங்கு எடுத்துப் போடுவது சுந்தரி. யாரும் எதுவும் கேட்பதில்லை. எடுத்தவுடன் போவதும் இல்லை. ஏதாவது பேசிக்கொண்டு, கங்கு அணைந்துபோய் மறுபடி எடுக்கிற மட்டும் நிற்கிறார்கள்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் தலைக்கு மேல் போய்விட்டது. என் மேல் யாரோ போலீசுக்கு மொட்டைப் பெட்டிஷன் போட்டுவிட்டார்கள். கால் தவறியவள் வீட்டில் கதவை ஏன் சாத்தவேண்டும், தெருவுக்கு நெருப்பை ஏன் நிறுத்தவேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறதாம். கேட்டது நியாயம்தான். சாத்திய கதவே ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டது. மணியாச்சியில் கலெக்டரைச் சுட்ட சம்பவத்துக்குப் பிறகு போலீசாருக்கு எல்லோர் மேலும் சந்தேகம். இன்ஸ்பெக்டர் நேரே முத்துமாலையைப் பிடித்து ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டார். பொய்சாட்சி சொன்னதாக அவன்மேல் கேஸ் எழுதுவேன் என்று மிரட்டுகிறார். அவன் நான் சொல்லிக்கொடுத்ததையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறான். என் பெயரைச் சொல்லவில்லை. அவன் பெண்சாதி வந்து நம் வாசலில் நின்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் நின்றதைச் சுந்தரி பார்த்துவிட்டாள். என்னிடம் வந்து, "என்னைத் தூக்கிவிட்ட ஆளு அங்கன உக்காந்திருக்காரு. நீங்க உள்ளதை எழுதுங்கண்ணே. நான் கச்சேரிக்கு வாரேன்" என்றாள்.

எழுதிவிட்டேன். நடந்தது இன்னது, மறைத்தவன் நான், முத்துமாலை என் சொல்லுக்குக் கட்டுப்பட்டவன் என்று என் கைப்பட எழுதி, என் தங்கையின் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முத்துமாலையை விட்டுவிட்டார்கள். பாளையங்கோட்டை சப் மாஜிஸ்திரேட் கச்சேரியில் விசாரணை ஆடியில். ஒரு வருஷம் போட்டால் என்ன செய்வேன் அக்கா?

சங்கரன்


தூத்துக்குடி,
ஆடி 2

சங்கரா,

நீ எழுதியது சரி. எனக்கும் இங்கே கை கால் ஓடவில்லை. ஆனாலும் சரிதான்.

கச்சேரிக்கு அவளை ஆண்களோடு மட்டும் அனுப்பாதே. அன்னத்தாய் கூடப் போகட்டும். முன்சீப் வீட்டுப் பெண் கச்சேரி வாசலில் நிற்பதா என்று காசிலிங்கம் அண்ணாச்சி சொல்லுவார். சொல்லட்டும். கான்ஸ்டபிளோடு தெருவில் நடக்கவும் விடாதே. வண்டியைக் கட்டி, விடியுமுன் புறப்படாமல், நன்றாக விடிந்து நாலு பேர் பார்க்கவே புறப்படு. திருடிவிட்டுப் போகவில்லை.

தீர்ப்பு எப்படியானாலும் உடனே தந்தி கொடு.

கோமு


மருதங்குறிச்சி,
ஆடி 16

அக்கா,

தந்தி கிடைத்திருக்கும். இனி விவரம்.

வண்டியை வாசலில் பூட்டி நிறுத்தியபோது, நெருப்புக்கு வருகிற வீடுகளிலிருந்து ஒவ்வொருத்தியாகச் சேலையை உதறிக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். எங்கே என்று கேட்டேன். பாளையங்கோட்டையில் சாமான் வாங்கவேண்டும் என்றார்கள். அவ்வளவு பேருக்கும் ஒரே நாளில் என்ன சாமானோ தெரியவில்லை. இன்னொரு வண்டி கேட்டு வாங்கவேண்டியதாயிற்று.

மாஜிஸ்திரேட் முதலில் முத்துமாலையை விசாரித்தார். தூக்கும்போது இந்தப் பெண் என்ன சொன்னாள், விடு என்று சொன்னாளா என்று கேட்டார். முத்துமாலை துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சொன்னான்.

"ஒண்ணும் சொல்லல எசமான். என் தோளைப் பிடிச்சிக்கிட்டாவ. கரைக்கு வந்த பொறவும் விடல."

மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சுந்தரியைப் பார்த்தார். குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்றார். அவள் ஒப்புக்கொண்டாள். குழந்தை இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது என்றாள்.

தண்டனை போட்டார். கோர்ட்டு கலைகிறவரை காவல். அதாவது, அன்று சாயங்காலம் அவர் எழுந்து போகிறவரை அவள் கச்சேரித் தாழ்வாரத்தில் ஒரு கான்ஸ்டபிளின் பார்வையில் உட்கார்ந்திருக்கவேண்டும். எழுந்து போனதும் வீட்டுக்குப் போகலாம். சட்டத்தையும் விடாமல், அவளையும் உள்ளே தள்ளாமல் மனுஷர் ஒரு வழி கண்டுபிடித்தார். உண்மையை மறைத்ததற்கு எனக்கு மெமோ வந்திருக்கிறது. பதில் எழுதியிருக்கிறேன். வேலை இருந்தால் இருக்கட்டும்.

அவள் தாழ்வாரத்தில் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் அன்னத்தாய் உட்கார்ந்தாள். சாமான் வாங்க வந்த பெண்களும் பின்னாலேயே போய் உட்கார்ந்துகொண்டார்கள். இங்கே கூட்டம் போடக்கூடாது என்றார் கான்ஸ்டபிள். வண்டி வருகிறவரை இருக்கிறோம் என்றார்கள். வண்டி எதிரேயே நின்றுகொண்டிருந்தது. கட்டுச்சோற்றை அவிழ்த்து, அவருக்கும் ஒரு இலை வைத்தார்கள். அவரும் உட்கார்ந்து சாப்பிட்டார்.

ஒன்று எழுதாமல் விட்டால் இந்தக் கடிதம் பொய்யாகிவிடும். வந்தவர்களில் அந்தக் கொல்லர் வீட்டுப் பெண்ணின் தாயாரும் இருந்தாள். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தபோது, "என் மகளுக்கு இப்படி ஒருத்தரும் வரல அய்யா" என்றாள். சண்டை போடுகிற குரல் இல்லை. அவள் மகள் இப்போது உடன்குடிப் பக்கம் கருப்பட்டி காய்ச்சுகிற இடத்தில் இருக்கிறாளாம். கூட்டிவர வண்டி அனுப்பட்டுமா என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். இன்னும் சொல்லவில்லை.

சங்கரன்


தூத்துக்குடி,
ஆவணி 5

சங்கரா,

அத்தானுக்குக் கட்டுப் பிரித்துவிட்டார்கள். கம்பு ஊன்றி நடக்கிறார். நடக்கிறதை விட அதிகமாக என்னை விரட்டுகிறார். அதனால் மாதக் கடைசியில் ரயிலேறி வருகிறேன். உன் வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொன்னவளுக்குப் பின்வாசல் திறந்து வைக்க வேண்டாம். முன்வாசல் வழியாகத்தான் வருவேன்.

சுந்தரி எப்படி இருக்கிறாள்? சௌக்கியம் என்று எழுதினால் அந்தக் கடிதத்தைக் கிழித்துப்போட்டுவிடுவேன். உள்ளபடி எழுது.

கச்சேரியில் கூட உட்கார்ந்திருந்த பெண்களுக்கு எல்லாம் ஏதாவது கொண்டுவர வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது. முன்பு கேலியாகச் சொன்னதை நிஜமாகவே செய்யலாம் என்று பார்க்கிறேன். நல்ல தீப்பெட்டி வந்திருக்கிறது. ஈரத்திலும் பற்றுகிறது. மழைக்காலத்துக்கு உதவும். வீட்டுக்கு ஒரு கட்டு.

கோமு


மருதங்குறிச்சி,
ஆவணி 12

அக்கா,

சௌக்கியம் என்று எழுதவில்லை. உள்ளபடி எழுதுகிறேன்.

சில நாள் நன்றாக இருக்கிறாள். சமைக்கிறாள், சிரிக்கவும் செய்கிறாள். சில நாள் பேச்சே இல்லை. ராதாபுரத்திலிருந்து ஒரு தகவலும் இல்லை. இப்போது எதிர்பார்க்கவும் இல்லை.

நேற்று விடியற்காலம் நான் சட்டை போட்டுக்கொண்டிருந்தேன். தாசில்தார் முகாமுக்குச் சீவலப்பேரி போகவேண்டிய நாள். மெமோவுக்குப் பிறகு முதல் தடவையாக அவர் முகத்தில் விழிக்கிற நாள், தவறக்கூடாது. அடுப்படியில் சுந்தரி நெருப்புக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நாலு பெண்கள் நின்றிருந்தார்கள். அத்தனை பேர் எதிரிலும் அவள் கங்கு எடுக்கிற கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"மதினி, இன்னைக்கு அந்த நெனைப்பு ரொம்ப வருது. என்கூட இருங்க."

நாங்கள் கேட்கவில்லை அக்கா. அவளாகச் சொன்னாள்.

அன்னத்தாய் உலையை இறக்கி வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். வந்தவர்களில் ஒருத்தி தன் சிரட்டையை இன்னொருத்தியிடம் கொடுத்து, எங்க வீட்ல அடுப்ப பத்த வச்சிட்டு வா, நான் இங்கனதான் இருப்பேன்னு சொல்லு என்று அனுப்பிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். நான் சட்டையைக் கழற்றி மாட்டினேன். வீட்டில் ஆள் சுகமில்லை, என்னால் இன்று வர இயலாது என்று தாசில்தாருக்கு எழுதித் தலையாரியிடம் கொடுத்து அனுப்பினேன். ஜுரம் என்று எழுதத்தான் கை முதலில் போயிற்று. எழுதவில்லை.

பகல் முழுவதும் அப்படியே போயிற்று. குழந்தையைப் பற்றிப் பேசினாள். அதற்கு மூன்று பல் முளைத்திருந்ததாம். எனக்கு அது தெரியவே தெரியாது. சாயங்காலம் பசிக்கிறது என்றாள். எல்லோரும் சாப்பிட்டோம்.

இன்று காலை எனக்கு முன்பே எழுந்து அடுப்பைப் பற்ற வைத்துவிட்டாள்.

நீ அவசியம் வா. முன்வாசலில் நானே நிற்கிறேன். அந்தப் பெண்களுக்குச் சேலைத் துணியோ பாத்திரமோ, எது வேண்டுமானாலும் கொண்டு வா. தீப்பெட்டி மட்டும் கொண்டுவராதே.

சங்கரன்